தண்ணீர் ஊற்றியவள் யார்?

பழைய கோயில் ஏடுகளில் லத்தீன் எழுத்தைக் கண்டாலே உங்களுக்குக் காய்ச்சல் வருகிறது என்று சொல்லித்தான் என்னை இங்கே கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கண் மங்கிவிட்டது. ஒரு காது கேட்காது. வாய் மட்டும் இன்னும் பழுதில்லாமல் இருக்கிறது, அதனால் கேளுங்கள். கொட்டாவி விடுகிறவர்கள் கையால் மறைத்துக்கொண்டு விட்டால் போதும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஏடு எழுத வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். மணவாளக்குறிச்சியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கடற்கரைக் கோயில் பங்கு. ஊர்ப்பெயர் வேண்டாம், அந்த ஆட்களின் பிள்ளைகுட்டிகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். குருமடத்தில் நாலு வருஷம் லத்தீன் படித்துவிட்டு, சாமியாராகும் அழைப்பு எனக்கு இல்லை என்று தெரிந்து வெளியே வந்தவன் நான். வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பங்கின் சாமியார்தான் பாவம் பார்த்துக் கணக்கப்பிள்ளை வேலையில் வைத்துக்கொண்டார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்ற மூன்று ஏட்டையும் நான் எழுதுவேன். அவர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

உங்களைப் பயமுறுத்துகிற சொற்களில் பாதி ஆட்களின் தொழிலைச் சொல்லுகிற சொற்கள்தான். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு வேலையைச் செய்கிறவனுக்குப் பெயர் வேண்டுமென்றால், லத்தீன்காரன் அந்த வேலை செய்து முடிந்ததைச் சொல்லும் வடிவத்தை எடுத்துக்கொள்வான். அதன் வாலை நறுக்கிவிட்டு 'ஓர்' என்று ஒட்டினால் ஆண். 'ரிக்ஸ்' என்று ஒட்டினால் பெண். விற்கப்பட்டது 'வெந்தித்துஸ்'. விற்பவன் 'வெந்தித்தோர்', விற்பவள் 'வெந்தித்ரிக்ஸ்'. மீன் பிடிக்கிறவன் 'பிஸ்காத்தோர்'. நெய்கிறவன் 'தெக்ஸ்தோர்'. உங்களையும் என்னையும் போல எழுதிக் கெட்டவன் 'ஸ்கிரிப்தோர்'. கப்பல்காரனுக்கு 'நௌத்தா', உழவனுக்கு 'அக்ரிகோலா' என்று இந்த வழிக்கு வராத சில முரடர்களும் உண்டு. அவர்களை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

நம் 'காரன்' அப்படி இல்லை. மீன் என்று ஒரு பொருள் இருந்தால் போதும், மீன்காரன் வந்துவிடுவான். லத்தீனிலும் பொருளை வைத்துப் பெயர் சொல்ல 'ஆரியுஸ்' என்று வேறொரு வால் இருக்கிறது. 'தோர்' வர வேண்டுமென்றால் முதலில் ஒரு வேலை இருக்க வேண்டும். குருமடத்தில் இதை எனக்குச் சொல்லித்தந்தபோது நான் வெறும் இலக்கணமாகப் படித்துத் தேர்வில் எழுதிவிட்டு வந்தேன். அது ஒரு மனிதரின் வீட்டுக்குள் வந்து நிற்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

புதிதாக வேலைக்கு வந்த எனக்கு இந்த வாலை ஒட்டுவதில் ஒரு வெறியே இருந்தது. ஊரில் ஒருத்தரையும் விடவில்லை. வலை பின்னுகிறவர், மரம் அறுக்கிறவர், சங்கு ஊதுகிறவர் என்று எல்லாருக்கும் ஒரு 'தோர்' தைத்துக் கொடுத்தேன். பனையேறுகிற ஒருவருக்கு அகராதியைப் புரட்டி 'அஷென்சோர்' என்று போட்டேன். சாமியார் அதை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஓய், இவர் பனையில ஏறுதாரா, மோட்சத்துக்கு ஏறுதாரா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "ஆளுக்கிட்ட என்ன வேலை செய்யுதீருன்னு கேட்டீரா?" என்றார். நான் கேட்கவில்லை. அந்த ஆள் தலையில் பனையேறிகள் கொண்டுபோகிற பாளை அரிவாள் பெட்டியைப் பார்த்தேன், எழுதினேன். பார்த்தால் அவர் தன் மைத்துனருடைய பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தவர், தொழில் தென்னந்தும்பைக் கயிறாகத் திரிப்பது. சாமியார் என்னை அதோடு விட்டுவிட்டார். நானும் ஒரு சின்னத் தப்புத்தானே என்று மறந்துவிட்டேன். அப்போதே நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு உறைத்திருக்குமோ என்னவோ.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். மருத்துவச்சிக்கு லத்தீனில் 'ஒப்ஸ்தேத்ரிக்ஸ்'. எதிரே நிற்பவள் என்று பொருள். பிரசவிக்கிறவளுக்கு எதிரே நிற்பவள்தானே. உங்கள் பழைய ஏடுகளில் இந்தச் சொல்லை நூறு இடத்திலாவது பார்ப்பீர்கள். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் சாமியாரைத் தேடிப் போக நேரமிருக்காது. மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நான வார்த்தையைச் சொல்லிவிடுவாள். அதற்காகவே சாமியார்கள் மருத்துவச்சிகளைக் கூப்பிட்டு அந்த வார்த்தையைப் பிசகில்லாமல் படிப்பித்து வைத்திருப்பார்கள். மறுநாள் அவளும் பிள்ளையின் தகப்பனும் வந்து சொல்ல, ஏட்டில் "சாகும் ஆபத்தில் மருத்துவச்சியால் வீட்டில் ஞானஸ்நானம் பெற்றது" என்று ஒரே வாக்கியம். எனக்கு அது தூக்கத்திலும் வரும். தகப்பனும் மருத்துவச்சியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மணலில் நடந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாலே பேனாவை மையில் தொட்டுவிடுவேன்.

அப்படித்தான் அந்த ஆனி மாதக் காலையிலும் தொட்டேன். கடல் கொந்தளித்து கட்டுமரங்களெல்லாம் கரையேறிக் கிடந்தன. சாமியார் ஆற்றுக்கு அக்கரையில் சாகக் கிடந்த ஒரு நோயாளிக்கு அவஸ்தை எண்ணெய் பூசப் போயிருந்தார். வந்தவர்கள் சூசை என்ற மீன்பிடிக்காரரும் மருத்துவச்சி அந்தோணியாளும். சூசையின் மனைவி செசீலிக்கு விடிந்த நேரத்தில் ஆண்பிள்ளை பிறந்து, கொஞ்ச நேரம் மூச்சு இருந்து, போய்விட்டது.

செசீலியை எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு முதல் பிள்ளை பிறந்த கையோடு செத்துப்போனது. தண்ணீர் ஊற்றவும் நேரமில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்துப் புனிதமாக்கிய கல்லறைத் தோட்டத்துக்குள் புதைப்பதில்லை என்பது அன்றைய சட்டம். மதிலுக்கு வெளியே, தாழம்புதர் ஓரத்தில் புதைத்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் எல்லாரும் கல்லறைக்குள் போவார்கள், அவள் மட்டும் மதிலைச் சுற்றிக்கொண்டு வெளியே போய் நிற்பாள். யாரும் அவளோடு போவதில்லை. நானும் போனதில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர்கள் படியேறும்போதே வாக்கியத்தை எழுதி முடித்துவிட்டேன். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். மிக்கேல் என்றார் சூசை. அதையும் எழுதினேன். குழி தோண்டுகிறவருக்கு 'உள்ளே' என்று ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்தனுப்பினேன். பிறகு வழக்கப்படி, எழுதியதைத் தமிழில் வாசித்துச் சொல்லி, மருத்துவச்சி சிலுவைக் கீறல் போடுவதற்காகப் பேனாவை நீட்டினேன். அந்தோணியாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் கீறமாட்டேன்."

"என்னம்மா, கை வலிக்கா?"

"கை வலிக்கல. நீரு வாசிச்சது நடக்கல. வெள்ளம் நான் ஊத்தல பிள்ளே."

சூசை அவளைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்லுதிய நீங்க? அப்ப எனக்க பிள்ளை?"

"செசீலிக்கு ரெத்தம் கொட்டிக்கிட்டு கெடந்துது. எனக்க ரெண்டு கையும் அவளுக்க வயித்துல. கைய எடுத்தா அவளும் போயிருவா. பிள்ளையத் தூக்கி நம்ம துணி வெளுக்குத இசக்கிக்க கையில குடுத்தேன். ஏட்டி, வெள்ளத்த ஊத்தி நான் சொல்லுகதச் சொல்லுட்டின்னு சத்தம் போட்டேன். சொல்லிக் குடுக்கவும் தொடங்குனேன். பாதியில செசீலி துள்ளுனா, நான் விட்டுட்டேன். இசக்கி ஊத்துனதப் பாத்தேன். அவ வாயத் தொறந்தாளா இல்லியா, எனக்குத் தெரியாது. அந்த அலறல்ல எனக்க காதுல ஒண்ணும் விழல."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆணோ பெண்ணோ, வேதக்காரரோ பிற மதத்தாரோ, திருச்சபை செய்வதைச் செய்கிறோம் என்ற எண்ணத்தோடு கொடுத்தால் அது செல்லும். ஆனால் தண்ணீர் ஊற்றுகிற ஆளும் வார்த்தை சொல்லுகிற ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர் ஊற்றினால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று கணக்கு. அந்தோணியாள் பாதி சொல்லி, இசக்கி வெறுமனே ஊற்றியிருந்தால், இந்தப் பிள்ளையும் தாழம்புதரின் ஓரத்துக்குத்தான்.

ஜன்னலுக்கு வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போய் நிறுத்தச் சொன்னேன். சத்தம் நின்றதும் சூசை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ உள்ள வருகவங்க போகவங்க எல்லாருட்டயும் கேட்டுக்கிட்டு கெடக்கா, கணக்கபிள்ளே. உள்ளயா வெளியயா, உள்ளயா வெளியயான்னு. கண்ணு மூடமாட்டேங்கா. நான் என்னத்தப் போயிச் சொல்ல?"

அப்போது என்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நான் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு எழுதியிருந்தால், அந்த மனிதருக்கு 'உள்ளே' என்று ஒரு சீட்டைக் காட்டிவிட்டு அதைப் பிடுங்கியிருக்க வேண்டாம். பேனா பிடிக்கிற நமக்கு மூன்று எழுத்து, அவ்வளவுதான். அவர் அதை நம்பி, வெளியே நின்ற தன் தம்பியிடம் சொல்லியும் அனுப்பியிருந்தார்.

இசக்கியைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். பிரசவ வீட்டுக்கு மாற்றுச் சேலை கொண்டுவருவதும் தீட்டுத்துணி எடுப்பதும் அவள் வேலை. கடற்கரையில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அந்தோணியாளுக்குப் பக்கத்தில் அவள் இருப்பாள். கோயில் அலுவல் அறைக்குள் மட்டும் அதுவரை வந்ததில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். ஓரெட்டு உள்ளே வைத்து நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு வெள்ளம் ஊத்துனப்ப ஏதாவது சொன்னியாம்மா?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள். கேட்டு முடிக்குமுன்பே சொன்னாள். "நான் ஒண்ணுமே செய்யல. அவிய ஊத்தச் சொன்னாவ, ஊத்துனேன்."

சூசை எழுந்து ஓடிவந்து அவள் காலடியில் விழாத குறையாகக் குனிந்தார். "இசக்கி, எனக்க தாயே, சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லு. ஒனக்கு என்ன போவுது? அந்தப் பிள்ளை வெளியே கெடக்கணுமா? ஒனக்கும் பிள்ளையிருக்குல்லா?"

அவள் சூசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழுதாள். "செரி, சொன்னேன்," என்றாள்.

எனக்கு மனப்பாரம் அப்படியே இறங்கியது. பேனாவை எடுத்தும் விட்டேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. சொன்னேன் என்கிறாள். சூசைக்கு நிம்மதி, செசீலிக்கு நிம்மதி, குழியும் பாதி தோண்டியாயிற்று. சாமியார் வந்தால் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது. யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்? ஆனால் கேட்டு முடிக்குமுன் 'இல்லை' என்றவள், கெஞ்சினதும் 'ஆமாம்' என்கிறாள். அந்த இரண்டு பதிலில் ஒன்றுகூட பிரசவ அறையில் நடந்ததைப் பற்றியது இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதலாவது பயத்தில் வந்தது. இரண்டாவது இரக்கத்தில் வந்தது. காலையில் ஒருமுறை நடக்காததை எழுதியாயிற்று, அதே பக்கத்தில் இரண்டாம் முறை எழுத எனக்குக் கை வரவில்லை.

சூசையின் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் உட்கார வைத்தேன். "என்ன கணக்கபிள்ளே, அதான் சொல்லிட்டாள்லா!" என்று கத்தினார். என்னை அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். "அண்ணே, கொஞ்சம் பொறுங்க, உங்க நல்லதுக்குத்தான்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். உள்ளே நானும் இசக்கியும் அந்தோணியாளும் மட்டும். அந்தோணியாளை ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று மூலையில் உட்கார வைத்தேன்.

"இசக்கி, என்னத்துக்குப் பயப்படுதே?" என்றேன்.

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அந்த வார்த்தையச் சொன்னா வேதத்துல கூடுனதாக்கும்னு சொல்லுகாவ. எனக்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வீட்டுல ஏத்தமாட்டாரு. அடுத்த வாரம் எங்க அம்மனுக்குக் கொடை. நான் பொங்கலு விடணும். விடக்கூடாதுன்னு சொல்லிருவாவ. பொறகு… எனக்க கையில இருந்துதான பிள்ளை போச்சு. எனக்க கை பட்டதுனாலதான் போச்சுன்னு சொல்லமாட்டாவளா?"

அடப்பாவி, நான் இதை ஒரு நொடி யோசித்தேனா? தண்ணீர், வார்த்தை, சட்டம் என்று என் கணக்கிலேயே நின்றேன். அவளுக்கு வீடே போகிற பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நீ சொன்னது பிள்ளைக்குத்தான் சேரும். உனக்கு அதுல ஒண்ணும் ஒட்டாது. நீ உங்க அம்மனுக்குத் தாராளமா பொங்கலு விடு. ஒருத்தரும் உன்னை வேதத்துல கூடிட்டேன்னு சொல்லமுடியாது, சொன்னா எங்கிட்ட வரச்சொல்லு. பிள்ளை போனது பலமில்லாமப் பிறந்ததுனால. அதுக்கு அந்தோணியாள் சாட்சி," என்றேன். அந்தோணியாள் பேசக்கூடாது என்பதால் தலையை மட்டும் வேகவேகமாக ஆட்டினாள்.

இனி எப்படிக் கேட்பது? 'பிதாவுடையவும்' என்று நான் வாயைத் திறந்துவிட்டால் அவள் அதையே திருப்பிச் சொல்லிவிடுவாள். அது கிளிப்பிள்ளைப் பாடம். நான் அப்படிக் கேட்கத் தொடங்கினதும் உண்டு, 'பி' என்ற எழுத்து வாய்க்குள் வந்து பல்லில் முட்டி நின்றது. சுற்றிலும் பார்த்தேன். அறை மூலையில் கோயில் தோப்பில் வெட்டிய தேங்காய்கள் உரிக்காமல் கிடந்தன. ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஒரு செம்பில் தண்ணீரும் சிரட்டையும் வைத்தேன்.

"இதுதான் பிள்ளைன்னு வச்சுக்கோ. அந்தோணியாள் உன் கையில தந்ததுல இருந்து நீ என்னென்ன செஞ்சியோ, அப்படியே செய். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். செய்யாததச் செய்ய வேண்டாம்."

தேங்காயை வாங்கினாள். வாங்கினதுமே இடது கை தானாக மடங்கி, உள்ளங்கையால் அதன் ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டது. பச்சைப்பிள்ளையின் பிடரியைத் தாங்குகிற மாதிரி. வலது கையால் சிரட்டையில் தண்ணீர் மொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. தேங்காயைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள். ஊற்றும்போதே வாய் திறந்தது.

"மிக்கேலே, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னை ஞானஸ்நானம் பண்ணுகிறேன்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. தண்ணீரும் வார்த்தையும் சேர்ந்தே விழுந்தன. எத்தனை வீட்டில், எத்தனை வருஷம் அந்தோணியாளின் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள்! அந்தோணியாள் பாதியில் விட்டபோது இவளுக்கு மீதியைச் சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை. அவள் அதோடு நிறுத்தவும் இல்லை. சேலைத் தலைப்பை எடுத்துத் தேங்காயின் மேல் வடிந்த தண்ணீரை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

"வெள்ளம் பட்டதும் கண்ணத் தொறந்து என்னையப் பாத்துது, கணக்கபிள்ளே," என்றாள்.

பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். வயிற்றில் இருக்கும்போதே செசீலி அப்படித்தான் கூப்பிடுவாளாம், துணி எடுக்கப் போகும்போது கேட்டிருக்கிறாளாம். எதற்காக அந்த வார்த்தையைச் சொன்னாய் என்றும் கேட்டேன். "உங்க ஆளுவ பிள்ளைக்கு அது வேணும்லா. அது இல்லாமத்தான மூத்தது வெளியே கெடக்கு," என்றாள். அந்தோணியாள் மூலையில் ஓவென்று அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

உச்சி சாய்கிற நேரத்தில் சாமியார் நனைந்து வந்து சேர்ந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்காமல் எழுதினதை முதலில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. என்னைப் பார்த்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டார்.

"அந்த வார்த்தைய நீர் அவளுக்குச் சொல்லிக் குடுத்தீரா?"

"இல்ல சாமி."

"ஒரு எழுத்தாவது?"

"ஒரு எழுத்தும் சொல்லல சாமி."

இந்தப் பதிலைச் சொல்ல முடிந்ததே, அதற்காக நான் இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். அன்று பல்லில் முட்டி நின்ற அந்த 'பி' வெளியே வந்திருந்தால் நான் பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது சூசையின் பிள்ளை வெளியே போயிருக்க வேண்டும். சாமியார் அந்தோணியாளைத் தனியாக விசாரித்தார். இசக்கியைத் தனியாக விசாரித்தார், அவரும் அதே தேங்காயைத்தான் அவள் கையில் கொடுத்தார். வெளியே வந்து குழி தோண்டுகிறவரைப் பார்த்து, "தோண்டப்பா, உள்ளேதான்," என்று சத்தமாகச் சொன்னார். மண்வெட்டிச் சத்தம் மறுபடி கேட்டது. வாழ்க்கையில் எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறேன், அந்தச் சத்தத்தைப் போல ஒன்று என் காதுக்கு இனித்ததில்லை.

சூசை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காலையில் அடிக்க வந்த அதே கை.

பிறகு ஏட்டைத் திருத்தினோம். சுரண்டக்கூடாது, அழிக்கக்கூடாது. தப்பாக எழுதின சொல்லின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, ஓரத்தில் சரியானதை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தான் என் தப்பு இன்றைக்கும் அந்த ஏட்டில் பல்லிளித்துக்கொண்டிருக்கிறது, வேண்டியவர்கள் போய்ப் பார்க்கலாம். 'ஒப்ஸ்தேத்ரிக்ஸ்' என்பதன் மேல் கோடு. எதிரே நிற்பவள் அன்றைக்கு நின்றது உண்மைதான், நின்றது தாயின் உயிருக்காக. தண்ணீர் ஊற்றியவள் வேறொருத்தி. துணி வெளுக்கிறவளுக்கு லத்தீனில் 'லோத்ரிக்ஸ்' என்று சொல் உண்டு, அதை எழுதினேன். சாமியார் வாசித்துப் பார்த்து, "பேரையும் போடும்," என்றார். மருத்துவச்சிகளின் பெயரைக்கூட நாங்கள் ஏட்டில் எழுதுவதில்லை, தொழில்பெயரோடு நிறுத்திவிடுவோம். நான் தயங்கினேன். "தண்ணி ஊத்துனது தொழிலா, ஆளா?" என்று கேட்டார். இசக்கி என்று எழுதினேன்.

அவளை அழைத்து, இந்த மாதிரி உன் பெயர் எழுதியிருக்கிறது, உனக்குச் சம்மதந்தானா என்று கேட்டேன். இந்த ஒரு தடவையாவது ஒழுங்காகக் கேட்டேன். "எங்க வீட்டுக்காரரு இதப் படிப்பாரா?" என்றாள். இது லத்தீன், இந்த ஊரில் சாமியாரையும் என்னையும் தவிர ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்றேன். "அப்ப இருக்கட்டு," என்று சிரித்தாள். கீறலும் போட்டாள், சிலுவையாக இல்லாமல் ஒரு வட்டமாக.

மாலை வெயில் இருக்கும்போதே அடக்கம் முடிந்தது. இசக்கி கல்லறை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். சூசைதான் போய், "நீ மண்ணு போடாண்டாமா?" என்று உள்ளே கூட்டிவந்தார். யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் சூசையின் கை என்ன செய்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஏட்டைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. அந்த வரிகளை ஒரு தாளில் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு செசீலியின் வீட்டுக்குப் போனேன். சூசை ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவள் நம்பியும் நம்பாமலும் கிடந்தாள். காலையில் அவர் தம்பி வந்து 'உள்ளே' என்று சொன்னதையும், பிறகு ஒருவர் வந்து 'இல்லையாம்' என்று சொன்னதையும் கேட்டவள் வேறு என்ன செய்வாள்? முகத்தில் ரத்தமே இல்லை. அந்தோணியாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுதியாச்சா?" என்று செசீலி கேட்டாள்.

"எழுதியாச்சும்மா. சாமி கையெழுத்தும் போட்டாச்சு."

"வாசியுங்க."

தமிழில் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், எழுதினபடியே வாசியுங்கள் என்றாள். வாசித்தேன். ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருக்காது. மிக்கேல் என்று வந்தபோது கண்ணை மூடினாள். இசக்கி என்று வந்தபோது திறந்தாள்.

"அவளுக்க பேரும் இருக்கா?"

"இருக்கு."

"அவளா ஊத்துனா?"

"அவதான். பிள்ளை கண்ணத் தொறந்து அவளப் பாத்துதாம்."

செசீலி அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா வாசியுங்க," என்றாள். வாசித்தேன். இன்னொருக்கா என்றாள். மூன்றாவது முறையும் வாசித்தேன். நாலாவது முறை பாதி வாசிக்கும்போது அந்தோணியாள் என் கையைத் தொட்டாள். செசீலி தூங்கிவிட்டிருந்தாள். நான் நிறுத்தவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, கடைசிச் சொல்வரை வாசித்துவிட்டுத்தான் எழுந்தேன்.